அருந்ததி ராயின் இரண்டு கணக்குகள்

அருந்ததி ராய் பற்றிப் பேச்சு எடுத்தால் நம்மிடம் இரண்டே கட்சிதான். "நாவல் பிரமாதம், அந்தம்மா அரசியல் எழுதாம இருந்திருக்கலாம்" என்பது ஒன்று. "நாவல் வெறும் அலங்காரம், கட்டுரைகள்தான் தைரியம்" என்பது மற்றொன்று. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு இப்படிச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. போன ஆறு மாதமாக, வெளிவந்த வரிசையிலேயே நாவல்களையும் முக்கியமான சில கட்டுரைகளையும் படித்தேன். அப்போது எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

வரிசை முக்கியம் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' 1997-ல் வந்து புக்கர் பரிசு வாங்கியது (தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பு, 'சின்ன விஷயங்களின் கடவுள்'). 1998 மே மாதம் போக்ரான் அணுகுண்டுச் சோதனை. அதை எதிர்த்து அதே ஆண்டு 'தி எண்ட் ஆஃப் இமேஜினேஷன்'. 1999-ல் நர்மதை அணைகள் பற்றி 'தி கிரேட்டர் காமன் குட்'. 2010-ல் தண்டகாரண்யக் காட்டில் மாவோயிஸ்டுகளோடு நடந்த அனுபவம், 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்'. இரண்டாவது நாவல் 'தி மினிஸ்ட்ரி ஆஃப் அட்மோஸ்ட் ஹேப்பினஸ்' 2017-ல்தான். நடுவில் 20 வருடம்.

இத்தனையையும் ஒரே பதிவில் அடைக்க முடியாது. அதனால் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஒரு அணை இவருடைய நாவலில் எப்படி வருகிறது, கட்டுரையில் எப்படி வருகிறது?

முதல் நாவலில் அணையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ராஹேல் பல வருடம் கழித்து அய்மனத்துக்குத் திரும்புகிறாள். அவள் சின்ன வயதில் பயந்து, ஆசைப்பட்டு, ஒரு உயிரையும் பறிகொடுத்த ஆறு இப்போது சுருங்கி, சாக்கடை நாற்றத்தோடு கிடக்கிறது. காரணத்தை ராய் நாலைந்து வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். ஓட்டுக்காக, செல்வாக்குள்ள நெல் விவசாயிகளைத் திருப்திப்படுத்த, உப்புநீர் ஏறாமல் ஒரு தடுப்பணை கட்டிவிட்டார்கள். ஒரு போகம் விளைந்த இடத்தில் இரண்டு போகம் விளைகிறது. ஆறு செத்துப்போனது. கதை வேகத்தில் தாண்டிப் போய்விடக்கூடிய இடம். ஆனால் வரவும் செலவும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ராயின் மனசு ஆற்றின் பக்கம்தான், தொனியில் கிண்டலும் உண்டு. இருந்தும் அந்த இரண்டாவது போகத்தை அவர் மறைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வந்த கட்டுரையில் கணக்கு வேறு மாதிரி. சுதந்திரத்துக்குப் பிறகு கட்டிய 3,300 பெரிய அணைகளால் எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை அரசாங்கத்திடமே இல்லை என்கிறார். 54 அணைகளை ஆராய்ந்த இந்தியப் பொது நிர்வாக நிறுவனத்தின் ஆய்வில், ஒரு அணைக்குச் சராசரி 44,182 பேர். அது அதிகம் என்று சொல்வார்கள் என்று அவரே 10,000 ஆகக் குறைத்துக்கொண்டு பெருக்குகிறார்: 3 கோடியே 30 லட்சம்.

எங்க தொழிலில் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். லாக் எழுதாத சிஸ்டத்தில் எர்ரர் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம்தான். இந்தப் பெருக்கலைத் துல்லியமான புள்ளிவிவரமாக எடுத்துக்கொண்டால் ஓட்டைகள் உண்டு. 54 அணைகளின் சராசரி மற்ற அணைகளுக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். ஆனால் அந்த எண்ணின் வேலை, "சரி, நீங்களே சரியான கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்பது. அந்த வேலையை அது செய்தது.

கட்டுரைக்கு எதிர்ப்பும் வந்தது. ராமச்சந்திர குகா 2000-ல் தி ஹிந்துவில், இவரை இடதுசாரிகளின் அருண் ஷோரி என்று எழுதினார். அது பெரும்பாலும் தொனி பற்றிய சண்டை. எனக்கு முக்கியமாகப் படுவது கெயில் ஓம்வெட் எழுதிய திறந்த கடிதம். வறண்ட பகுதி விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாமா, அணையே கூடாது என்பது யாருடைய குரல் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். ராயின் கட்டுரையிலும் குஜராத்தின் வறண்ட பகுதி மக்கள் வருகிறார்கள். ஆனால் ஏமாற்றப்படுகிறவர்களாக மட்டும் வருகிறார்கள்: தண்ணீர் அவர்களுக்குப் போய்ச் சேராது, வழியிலேயே கரும்புக்கும் நகரங்களுக்கும் போய்விடும். தண்ணீர் நிஜமாகவே வந்து சேர்ந்து, அதனால் பிழைக்கிற ஒரு ஆளுக்கு அந்தக் கட்டுரையில் இடம் இல்லை. அய்மனத்தின் இரண்டாவது போகம் இங்கே காணாமல் போய்விட்டது.

சேத்தியாத்தோப்பில் இருந்துகொண்டு ஓம்வெட்டின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எங்க ஊர்ப் பேரோடு சேர்ந்தே அணைக்கட்டு இருக்கிறது, வெள்ளாற்றில். வீராணத்துக்குத் தண்ணீர் 1836-ல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. அந்த ஏரியால் இந்தப் பக்கம் நெல் விளைகிறது, சென்னைக்குக் குடிதண்ணீரும் போகிறது. தடுத்த தண்ணீரில் சோறு தின்கிற ஊர்.

அதே ஊருக்குப் பக்கத்தில்தான் வளையமாதேவி. 2023 ஜூலையில் என்எல்சி சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். நிலம் முன்பே கையகப்படுத்தியதுதான் என்றது நிறுவனம். அறுப்பு வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். அந்தச் சுரங்கத்து நிலக்கரியில் வருகிற கரண்ட்டில்தான் என் லேப்டாப்பும் ஓடுகிறது. ராயின் கட்டுரை எனக்கு வளையமாதேவியைப் புரியவைக்கிறது. ஓம்வெட் வீராணத்தைப் புரியவைக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க, அய்மனத்துத் தடுப்பணை பற்றிய அந்த நாலைந்து வரிக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இது அணை விஷயத்தில் மட்டும் இல்லை. முதல் நாவலில் வெளுத்தா கட்சி உறுப்பினர்; ஆபத்தில் உதவி தேடிப் போகும்போது அவனைக் கைவிடுவது தோழர் பிள்ளை. 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' கட்டுரையில் காட்டுக்குள்ளே ஒரு பிள்ளையும் கண்ணில் படுவதில்லை. அதேபோல காஷ்மீர்க் கட்டுரைகளில் உளவுத்துறை முகம் இல்லாத ஒரு அமைப்பு. இரண்டாவது நாவலிலோ பிப்லப் தாஸ்குப்தா என்ற உளவுத்துறை அதிகாரி 'நான்' என்று சொல்லிப் பேசுகிறார். படித்தவர், குடிகாரர், தில்லோத்தமா மீது ஒருதலைக் காதல் உள்ளவர். அவர் தரப்பு நியாயத்தைப் படிக்கும்போது சில இடங்களில் தலையாட்டவும் தோன்றுகிறது. கட்டுரையில் ராய் ஒருபோதும் கொடுக்காத இடம் இது.

அப்படியானால் நாவலே போதுமே, கட்டுரை எதற்கு? எனக்குக் கிடைத்த பதில் இரண்டு வழக்குகளில் இருக்கிறது. முதல் நாவல் மீது கேரளத்தில் ஆபாச வழக்கு போட்டார்கள். உறுத்தியது கடைசி அத்தியாயத்தில் வருகிற சாதி தாண்டிய காதல். வெளுத்தாவைப் போலீஸ் அடித்துக் கொல்வது இல்லை. நாவலைப் படித்துக் கண்ணீர் விடலாம், விருது கொடுக்கலாம், ஆனால் எந்த அலுவலகமும் அதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நர்மதை விஷயத்தில் அப்படி இல்லை. தீர்ப்பை எதிர்த்த போராட்டம், அதற்கு நோட்டீஸ், அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் என்று போய், 2002 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவமதிப்புக்காக ஒரு நாள் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது. திட்டத்தின் பெயர், எண்ணிக்கை, யார் பொறுப்பு என்று நேராகச் சொன்னால்தான் எதிர்த்தரப்பு வாயைத் திறக்கிறது. அப்படிச் சொல்ல ஒரு பக்கமாக நிற்க வேண்டியிருக்கிறது. கட்டுரை கொடுக்கிற விலை அது.

ஆகவே அவர் அரசியல் எழுதியதால் நாவலாசிரியர் வீணாகிவிட்டார் என்பதை நான் ஏற்கவில்லை. கட்டுரைகளில் அவர் தள்ளிவைத்த ஆட்களையெல்லாம் நாவல்களுக்குள் போய்ச் சந்திக்க முடிகிறது. கட்டுரையை மட்டும் படிக்கிறவர்களுக்கு இவர் பிடிவாதக்காரராகத் தெரிவதும், நாவலை மட்டும் படிக்கிறவர்களுக்கு வெறும் அழகான எழுத்தாகத் தெரிவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என் வரிசை: முதல் நாவல், பிறகு நர்மதைக் கட்டுரை, உடனே ஓம்வெட்டின் கடிதம், அதற்கப்புறம் இரண்டாவது நாவல். அடுத்து, வீராணத்துக்கும் நெய்வேலிக்கும் இப்படி வரவு செலவு இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்க்கப் போகிறேன். நிலம் கொடுத்த ஊர்களின் பழைய ஆவணங்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்துக்கொள்கிறேன்.