மனையும் மாந்தர் சொல்லும்

ஒருவர் பிறந்த மனை ஊரார்க்குரிய அருங்காட்சியகமாதற்கு அவர்தம் புகழ் மட்டும் போதாது. தென்னிலங்கையிற் கொக்கல என்னும் ஊரில், 1890இல் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த இல்லம் இதற்குச் சான்றாகும். அதன் அருகே 1981இல் நாட்டார் பண்பாட்டு அருங்காட்சியகம் அமைந்தது. எழுத்தாளரை நாடி வருவோர் உழவர், மீனவர்தம் கருவிகளையும் ஆங்குக் காண்கின்றனர். இதுவே அதன் சிறப்பு. எனினும், கையாண்டோர் மொழியின்றிப் பேழையுள் வைத்த கருவி வெறும் காட்சிப்பொருளே.

வன்னிக்கு இக்கருத்து இன்றியமையாதது. ஆங்கு மண்சுவர் மனைகள் பல, 2009இல் முடிந்த போரில் அழிந்தன. எஞ்சிய மனையொன்றைக் காக்க முற்படுவோர் சுவரைப் புதுக்குவதோடு அமையலாகாது. கொம்பறையில் நெல் சேமித்த முறையை முதியோர் வாய்மொழியாகவே பதிந்து வைத்தல் வேண்டும். இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். மறைந்த சொல்லை எழுப்புவார் யார்?