சிங்கச் சின்னமும் திருவாரூர் ஜங்ஷனும்

பிரிட்டிஷ் ரயில்வே தேசியமயமான புதிதில் இருந்த நிறங்களில் நீராவி எஞ்சின் மாடல் ஓட்டுபவர்களின் வீடியோக்களை விடாமல் பார்ப்பவன் நான். அழகுதான். ஆனா ஒண்ணு உறுத்துது. எல்லா எஞ்சினும் ஒரே நாளில் பெயிண்ட் அடித்த மாதிரி, சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்கச் சின்னத்தோடு பளபளக்கிறது.

நாலு பெரிய கம்பெனிகள் அரசு கைக்கு வந்தது 1948 ஜனவரி 1. நிறம் மாறுவதோ, எஞ்சின் பட்டறைக்குப் போகும்போதுதான். அதுவரை பழைய கம்பெனி எழுத்தோடயே ஓட்டம். சிலதில் எழுத்து பழசு, நம்பர் புதுசு: எல்.எம்.எஸ். எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 40000 கூட்டினார்கள், எல்.என்.இ.ஆருக்கு 60000. பெரிய எக்ஸ்பிரஸ் எஞ்சின்களுக்கு நீலம் அடித்துப் பார்த்து, சில வருஷத்தில் பச்சைக்குத் திரும்பினார்கள். அஞ்சு எஞ்சினில் ரெண்டைப் பழைய எழுத்தோடு விட்டாலே 1949 என்று நம்பிவிடுவேன்.

எங்க ஊர் ஜங்ஷனை மாடலாகச் செய்தாலும் இதே சிக்கல்தான். தென்னிந்திய ரயில்வேயை அரசு எடுத்தது 1944-ல். சதர்ன் ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14-ல். (இங்கிலாந்தில் அதே பெயர் போய் மூணு வருஷம் ஆகியிருந்தது!) ஆக, 1950-ன் திருவாரூரில் சதர்ன் ரயில்வே என்று எழுதக் கூடாது, எஸ்.ஐ.ஆர். தான். தண்டவாளமும் 1:87 அளவில் 12 மி.மீ. இருக்கணும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ.-ல் ஓட்டினால் அது நம்ம மீட்டர் கேஜும் இல்லை, பிராட் கேஜும் இல்லை.