45 நாள் மௌனம்: துப்பாக்கி கைமாறும்போது யார் பார்க்கிறார்கள்?

போன மாசம் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு நண்பன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அவன் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராக இருந்தவர். காரியம் எல்லாம் முடிஞ்சு பீரோவைத் திறந்தால், பழைய வேட்டியில் சுத்தி வச்ச இரட்டைக் குழல் துப்பாக்கி. "தெரிஞ்சவர் ஒருத்தர் கேக்குறார்டா. அவர்கிட்ட லைசென்ஸ் இருக்கு. குடுத்துடலாமா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: "இது என்ன அமெரிக்காவா தம்பி? இங்க போலீஸ் விசாரிக்காம ஒரு துப்பாக்கியும் கைமாறாது."

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் நம் டிவி விவாதங்களிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற வாதம் இதுதான். அவர்களிடம் பின்னணிச் சோதனை இல்லை, நம்மிடம் இருக்கிறது. கேட்கச் சுகமாக இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தபோது, இது பாதிதான் உண்மை என்று தெரிந்தது. மிச்சப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவில் சோதனையே இல்லையா?

இருக்கிறது. 1993-ல் பிரேடி சட்டம் வந்தது. 1998 நவம்பரில் இருந்து, உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பெயரை எஃப்.பி.ஐ.யின் கணினிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வியாபாரி அல்லாத தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால், மத்தியச் சட்டப்படி இந்தச் சோதனை தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியாகச் சட்டம் போட்டு அதை அடைத்திருக்கின்றன. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, 2013-ல் செனட்டில் இதற்காக ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டது 60. தோற்றுப்போனது.

இன்னொரு ஓட்டை, நம்மூர்க்காரர்கள் பேசாதது. சோதனை முடிவு மூன்று வேலை நாளுக்குள் வரவில்லை என்றால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அப்படித்தான் துப்பாக்கி வாங்கினான். பதில் வர தாமதமானது. தாமதத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது பழகின விஷயம். சர்வரிடம் இருந்து பதில் வரவில்லை என்றால் என்ன செய்வது? கதவைத் திறப்பதா, மூடுவதா? அந்த ஒரு வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

நம் சட்டம் அந்த வரியை எப்படி எழுதியிருக்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், 5-வது பிரிவின் 2-வது உட்பிரிவு. சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதி உள்ள இன்னொருவருக்குத் தனிநபர் விற்கலாம். அதற்கு வியாபாரி உரிமம் வேண்டாம். இரண்டு நிபந்தனைதான். வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு 45 நாள் காத்திருக்க வேண்டும்.

45 நாளில் என்ன நடக்க வேண்டும்? அந்தப் பிரிவின் வாசகப்படி, ஒன்றும் நடக்க வேண்டியதில்லை. யாரும் 'சரி' என்று எழுதித் தர வேண்டாம். கடிதம் ஃபைலில் தூங்கினாலும் 46-வது நாள் கைமாற்றலாம். பல இடங்களில் அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள், அது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பிரிவு அதைக் கட்டாயமாக்கவில்லை. அமெரிக்காவில் மூன்று நாள் மௌனம், நம்மிடம் 45 நாள் மௌனம்.

"வாங்குபவரிடம் ஏற்கனவே லைசென்ஸ் இருக்குமே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் சட்டத்தின் பலமே அதுதான். லைசென்ஸ் தருவதற்கு முன் காவல் நிலைய அறிக்கை கேட்க வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், மனநலம் குன்றியவர், 21 வயது நிரம்பாதவர் எல்லோரையும் சட்டம் விலக்குகிறது.

ஆனால் இந்தச் சோதனை லைசென்ஸ் வாங்கும் நாளில் நடப்பது, துப்பாக்கி வாங்கும் நாளில் அல்ல. 2019 திருத்தத்துக்கு முன் லைசென்ஸ் மூன்று ஆண்டு செல்லும். இப்போது ஐந்து ஆண்டு. அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றில் இருந்து இரண்டாகக் குறைத்தது. சட்டவிரோதமாகத் தயாரித்து விற்பதற்கான தண்டனையையும் கூட்டியது. எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். சோதனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டு ஆண்டு நீண்டதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஐந்து ஆண்டில் ஒரு மனுஷன் குடிக்கு அடிமையாகலாம், மனைவியை அடித்து வழக்காகலாம், பங்காளியோடு வெட்டுக்குத்து வரைக்கும் போகலாம். லைசென்ஸை ரத்து செய்ய 17-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கின் தகவல் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் மேஜைக்குத் தானாகப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

13-வது பிரிவிலேயே இன்னொரு மௌனமும் உண்டு. போலீஸ் அறிக்கை கெடுவுக்குள் வராவிட்டால், அதிகாரி தனக்குச் சரியென்று பட்டால் அறிக்கை இல்லாமலே உத்தரவு போடலாம்.

சோதிப்பவரை யார் சோதிப்பது?

ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் அதிகமான லைசென்ஸ்கள் தகுதியில்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. குற்றம் சாட்டியது. ராஜஸ்தான் போலீஸ்தான் முதலில் நூலைப் பிடித்தது. ஆக, காகிதம் எல்லாம் பக்காவாக இருந்தும் பின்னணிச் சோதனை காணாமல் போகலாம். இப்போது ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தேசிய தரவுத்தளத்தில் ஒரு தனி எண் கட்டாயம். நல்ல தொடக்கம். ஆனால் எண் கொடுத்ததாலேயே உள்ளே போன தகவல் சுத்தமாகிவிடாது.

எதிர்வாதம்

"லைசென்ஸ் துப்பாக்கியாலயா சார் இங்க கொலை நடக்குது? எல்லாம் கள்ளத் துப்பாக்கி" என்பார்கள். பெருமளவு உண்மை. நமக்குப் பக்கத்தில் கல்வராயன் மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருக்கிறது. காட்டுப்பன்றியிடம் இருந்து பயிரைக் காக்க நினைக்கும் மலைவாசிக்கு லைசென்ஸ் எட்டாக்கனி. சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி லைசென்ஸ் மறுக்கக்கூடாது என்று 14-வது பிரிவு சொன்னாலும், கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க யாருக்கு முடியும்? சோதனைக்குள் வர வழி இல்லாதவர், சோதனைக்கு வெளியே வாங்குகிறார். இதுவும் அந்த அமைப்பின் கோளாறுதான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்க வாசலில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சி.ஐ.எஸ்.எஃப். காவலரின் துப்பாக்கிக்குப் பலியானார். கள்ளத் துப்பாக்கி இல்லை, விசாரணை இல்லாமல் வேலைக்கு வந்தவரின் கையும் இல்லை. பின்னணிச் சோதனை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் பயிற்சியும் பொறுப்புக்கூறலும்தான் வேண்டும்.

நான் கேட்பது பெரிசா ஒன்றும் இல்லை. தனிநபர் விற்பனையில் 45 நாளுக்குப் பிறகு மௌனம் சம்மதமாக இருக்கக்கூடாது. விற்கும் நாளில் வாங்குபவரின் பெயரை மறுபடி ஒருமுறை சரிபார்த்து எழுத்தில் 'ஆம்' வரவேண்டும். தனி எண் ஏற்கனவே இருக்கிறது, எஃப்.ஐ.ஆர்.களும் கணினியில் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது தொழில்நுட்பரீதியாக மலையைப் புரட்டும் வேலை இல்லை.

நண்பன் கேள்விக்கு வருகிறேன். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் போன பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி சிக்கல். 21-வது பிரிவின்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அதன்பிறகுதான் வாரிசு என்ற முறையில் விற்பதோ, தன் பெயரில் லைசென்ஸ் கேட்பதோ. மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் போய் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். வரும் வழியில், "அந்த ஆளு நல்லவர்தான்டா, தெரிஞ்சவர்" என்றான். இருக்கலாம். அவரைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். ஆறு வருஷம் இருக்கும் என்றான்.