அகப்பையும் கருப்பையும்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்னும் பழமொழிக்குப் புதுப்பொருள் ஒன்று மேடைதோறும் கூறப்படுகிறது. சட்டி என்பது சஷ்டியாம். அகப்பை என்பது அகத்தே உள்ள பை, அதாவது கருப்பையாம். சஷ்டியில் நோன்பிருந்தால் மகப்பேறு வாய்க்கும் என்பதே உண்மைப் பொருளாம். ஆசிரியருள்ளும் சிலர் இதனை வகுப்பில் எடுத்துரைப்பதால் சற்று ஆராய்தல் வேண்டும்.

புணர்ச்சி விதியைக் காட்டி இதனை மறுத்தல் இயலாது. மரம் + பலகை மரப்பலகை ஆவதுபோல அகம் + பை அகப்பை ஆகும். வடமொழிச் சஷ்டி தமிழில் சட்டி என வருதலும் முறையே. ஆயினும், புணர்ச்சி இடந்தந்த மாத்திரத்தில் பொருள் அமைந்துவிடாது, வழக்கு வேண்டும். கருப்பையை அகப்பை என்று எவ்வூரில் எவர் வழங்கினர்? நம் முன்னோர் வழங்கிய அகப்பை, தேங்காய்ச் சிரட்டையில் மூங்கிற் காம்பு செருகிய முகக்கும் கருவி. (மலாய்க்காரர் அடுக்களையிலும் இவ்வாறே சிரட்டையிற் செய்த செண்டோக் உண்டு.) கன்னடத்து 'அகபெ'யும் தெலுங்கு 'அகப'வும் அக்கருவியையே குறிப்பன. 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும் அப்பொருளே தருகிறது. அண்டை மொழிகளிலும் வேரூன்றிய சொல்லை ஒரு நோன்புக்காகப் பிரித்தல் பொருந்துமா?

பெயர்க்காரணத்தில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு. உட்குழிந்த பை என்று கொள்ளலாம். அகழ்ந்து எடுப்பதால் அகழ்ப்பை, அது அகப்பை ஆயிற்று எனவும் கொள்ளலாம். தாழ்ப்பாளைத் தாப்பாள் என்கிறோம் அல்லவா? தோண்டி முகத்தலே அதன் தொழிலாதலின், எமக்குப் பின்னதே ஏற்புடையது. எவ்வாறு கொள்ளினும் கருப்பைக்கு அங்கு இடமில்லை.

புதுப்பொருளால் விளையும் தீங்கு சிறிதன்று. உள்ளே இருப்பதே வெளியே வரும் என்பது கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் வேண்டிய செய்தி. அது மறைவதோடு, நோன்பிருந்தும் மகவு வாய்க்காத பெண்ணின்மேல் "நீ சரியாக இருக்கவில்லை" என்ற பழியும் ஏறுகிறது.

"அகப்பை குறைந்தால் கொழுப்பெல்லாம் அடங்கும்" என்று மற்றொரு பழமொழி உண்டு. அங்கே அகப்பை, அது முகந்திடும் சோற்றின் அளவுக்கு ஆகிவந்தது. சஷ்டிப் பொருள் கூறுவோர் இதற்கும் கருப்பையைப் பொருத்திக் காட்டுவாராக.