வாயில்லா நாயும் முதுநிலைக் கல்வியும்

புதியதொரு கலை பல்கலைக்கழகத்தின் வாயிலில் வந்து நிற்கும்போதெல்லாம், "இதற்குமா ஒரு பட்டம்?" என்னும் கேள்வி எழுவது இயல்பு. இன்று அக்கேள்விக்கு இலக்காகி நிற்பது அசைவுப்படக் கலை. சிறுவர் 'கார்ட்டூன்' என்றும் கல்லூரியார் 'அனிமேஷன்' என்றும் வழங்குவது இதனையே. உயிரற்ற ஓர் உருவை நிலைக்கு நிலை சிறிது மாற்றி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம் பிடித்து, பின் அவற்றை விரைந்து ஓடவிட்டு, உயிருள்ளது போலக் காட்டுவதே இக்கலையின் அடிப்படை. இதனை முதல் பட்டத்தோடு நில்லாமல் முதுநிலையிலும் பயில்வதால் விளையும் பயன் யாது?

இவ்வினாவுக்குரிய விடையைக் கல்லூரிகள் அச்சிட்டு வழங்கும் விளம்பர ஏடுகளில் தேடுவது வீண். விளைச்சலைக் கண்டே நிலத்தை மதிப்பிடுகிறோம். கல்வியையும் அவ்வாறே மதிப்பிடல் வேண்டும். ஆதலின், இங்கிலாந்தின் இரு நிலையங்களில் முதுநிலை மாணவர் தொடங்கியும் முடித்தும் தந்த மூன்று படங்களை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, பீக்கன்ஸ்பீல்டு நகரிலுள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் நிக் பார்க் தொடங்கிய 'அ கிராண்ட் டே அவுட்'. மற்றொன்று, முதுநிலைக் கல்விக்கென்றே இயங்கும் இலண்டன் அரச கலைக்கல்லூரியில் சூசி டெம்பிள்டன் 2001ஆம் ஆண்டில் படைத்த 'டாக்'. மூன்றாவது, முற்கூறிய பீக்கன்ஸ்பீல்டு பள்ளியில் டெய்சி ஜேக்கப்ஸ் 2014ஆம் ஆண்டில் படைத்த 'தி பிக்கர் பிக்சர்'. மூன்றும் பிரிட்டனின் பாப்டா விருதினைப் பெற்றவை. ஆயினும், விருதுக்காக அன்று, அவை கற்பிக்கும் பாடத்துக்காகவே அவற்றை ஆராய்கிறோம்.

முதற்படத்தின் கதை மிக எளியது. வாலஸ் என்பவர் பாலாடைக்கட்டிப் பிரியர். வீட்டில் அது தீர்ந்துவிடுகிறது. நிலவே பாலாடைக்கட்டியால் ஆனது என்று மேனாட்டார் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அதனை மெய்யென்று கொண்ட வாலஸ், தம் நாய் கிரோமிட்டுடன் வீட்டின் அடித்தளத்தில் ஓர் ஏவூர்தி செய்து நிலவுக்கே சென்றுவிடுகிறார். அங்கே காசு போட்டால் இயங்கும் ஓர் அடுப்புப் பொறி இருக்கிறது. பனிச்சறுக்கு விளையாட்டின் படங்களைக் கண்ட அப்பொறிக்கு அவ்விளையாட்டின்மேல் தணியாத ஆசை பிறக்கிறது. இவ்வளவே கதை.

இந்த 23 நிமிடப் படத்தை முடிக்க எத்தனை ஆண்டு பிடித்தது தெரியுமா? 1982இல் தொடங்கிய பணி 1989இல்தான் நிறைவுற்றது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு நீங்கும். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 23 நிமிடத்துக்கு 1,380 வினாடிகள். அவற்றுக்கு 33,120 படங்கள். ஒரே நிலையை இருமுறை படம் பிடித்துப் பாதி உழைப்பை மிச்சப்படுத்தினாலும், பிளாஸ்டிசீன் களிமண் பொம்மையை 16,560 முறை தொட்டுத் திருத்தியாக வேண்டும். நம் பள்ளிகளின் கீழ்வகுப்புப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் அதே பிளாஸ்டிசீன்தான்!

இப்படத்தின் உயிர்நிலை கிரோமிட் என்னும் அந்த நாயே. அதற்கு வாய் இல்லை, பேச்சும் இல்லை. முதலில் அதற்குப் பேச்சு உண்டு என்றே திட்டமிடப்பட்டிருந்தது. குரல் கொடுக்க நடிகர் ஒருவரும் எண்ணப்பட்டிருந்தார். ஆனால் தொடக்கக் காட்சியொன்றில் வாலஸ் ஒரு கதவைக் கிடத்தி அறுக்க, கிரோமிட் அதன் அடியில் சிக்கித் தாங்கி நிற்கவேண்டியிருந்தது. அந்நிலையில் உடலை அசைக்க இடமில்லை. புருவத்தை மட்டும் சற்றே மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார் பார்க். அந்தச் சிறு அசைவிலேயே சலிப்பு, ஐயம், பொறுமை, 'இவரைத் திருத்த முடியாது' என்னும் பெருமூச்சு ஆகிய அனைத்தும் வெளிப்பட்டுவிட்டன. அதன்பின் வாய் எதற்கு? பேச்சு கைவிடப்பட்டது, உலகம் மறவாத பாத்திரம் ஒன்று பிறந்தது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைப் பயின்ற ஆசிரியர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. உள்ளத்து உணர்வு சொல்லின் துணையின்றி மெய்யின்கண் தோன்றுவதையன்றோ நம் முன்னோர் மெய்ப்பாடு என்று வகுத்தனர்! மனித நடிகனுக்கு முகம் முழுவதும் உண்டு. களிமண் நாய்க்குக் கிடைத்ததோ ஒரு புருவ மேடு. அந்தச் சிறு இடத்தில் மெய்ப்பாட்டை நிறுத்திக் காட்டியதே பார்க்கின் வெற்றி. வாலஸின் முகம் வளர்ந்த கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. குரல் தந்த நடிகர் பீட்டர் சாலிஸ், பாலாடைக்கட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இதழ்களை அகல விரித்து உச்சரித்தார். அவ்வொலிக்கு ஈடுகொடுக்கவே வாலஸின் வாய் காதுவரை விரிந்தது. ஒரு பாத்திரத்துக்கு வாய் போயிற்று. மற்றொன்றுக்கு வாயே அடையாளமாயிற்று. இரண்டுமே முன்கூட்டி வரைந்த திட்டத்தால் வந்தவை அல்ல; வேலையைக் கூர்ந்து கவனித்ததால் கிடைத்தவை.

இனிக் குறையையும் கூறுதல் திறனாய்வாளன் கடமை. நிலவுக்குச் சென்றபின் கதை மெலிகிறது. பாத்திரங்கள் பலவற்றைக் கொண்ட பெரிய நிலவுக் காட்சிகளை எண்ணியிருந்த பார்க், காலமும் பொருளும் போதாமையால் அவற்றைச் சுருக்கினார். சுருக்கிய வடு படத்தில் தெரியவே செய்கிறது. அடுப்புப் பொறியின் ஆசை நெஞ்சைத் தொடுகிறது. ஆயினும் கதையின் முற்பகுதியோடு அது இறுகப் பிணையவில்லை. வாலஸின் முகமும் படம் நெடுகிலும் ஒரே தன்மைத்தாய் இல்லை. கற்றுக்கொண்டே செய்த கை என்பது கண்ணுக்குப் புலனாகிறது. தம் ஆற்றலையும் காலத்தையும் அளந்து பாராது பெரும்பொருளை எடுத்துக்கொள்வது மாணவர்க்கு இயல்பான பிழை. ஆய்வேடு எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர்.

அப்பிழைக்கு மாற்றாக நிற்பது 'டாக்'. சில நிமிடங்களே ஓடும் சிறு படம். தாயை இழந்த சிறுவன், துயரத்தில் இறுகிப்போன தந்தை, நோயுற்ற நாய் — இம்மூவரே பாத்திரங்கள். தாய் எவ்வாறு இறந்தாள் என்பது சிறுவனின் நெஞ்சை அரிக்கும் கேள்வி. அமைதியாக இறந்தாள் என்பது தந்தை தரும் ஆறுதல். பின்னர் நாயின் வேதனையைத் தந்தையே தம் கையால் முடித்துவைக்கிறார். அதுவும் அமைதியாகச் சென்றது என்று மகனிடம் கூறுகிறார். உண்மையை அறிந்த சிறுவனுக்கு அப்போது தாயைப் பற்றிய ஆறுதலும் உடைந்துபோகிறது. அன்பினால் சொன்ன பொய் அன்பையே ஐயுறச் செய்யும் அவலத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

இப்படத்தில் நம் கருத்தைக் கவர்வது அசைவு அன்று, அசையாமை. பொம்மைகள் நெடுநேரம் சும்மா இருக்கின்றன. துயருற்ற வீட்டில் மனிதர் அப்படித்தானே இருப்பர்? எல்லாவற்றையும் ஆட்டிக் காட்டும் ஆற்றல் பெற்ற ஒரு கலைஞர், ஆட்டாமல் நிறுத்தத் துணிவது எளிதன்று. 'கார்ட்டூன் என்றால் சிரிப்பு' என்று எண்ணியிருப்போர் இப்படத்தை ஒருமுறை கண்டால் போதும். டெம்பிள்டன் பின்னர் இயக்கிய 'பீட்டர் அண்ட் தி உல்ப்' 2008ஆம் ஆண்டில் ஆஸ்கார் பரிசு பெற்றது. அதிலும் உரையாடல் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது படமான 'தி பிக்கர் பிக்சர்' இன்னும் ஒருபடி துணிந்தது. முதுமையுற்ற தாயைப் பேணும் பொறுப்பு இரு சகோதரரிடையே விழுகிறது. ஒருவன் உடனிருந்து சுமக்கிறான். மற்றவன் வசதியான தொலைவில் நின்று கொள்கிறான். நம் இல்லங்களிலும் நடக்கும் கதைதான். ஜேக்கப்ஸ் இப்பாத்திரங்களை ஆளுயரத்துக்குச் சுவரிலே வண்ணத்தால் தீட்டினார். ஒவ்வோர் அசைவுக்கும் பழைய ஓவியத்தின் மேலேயே மீண்டும் தீட்டினார். ஆனால் அவர்கள் எதையேனும் எடுக்கவோ கொடுக்கவோ நேரும்போது, காகிதக் கூழால் செய்த கைகள் சுவரைவிட்டு வெளியே நீண்டு உண்மையான பொருள்களைப் பற்றுகின்றன.

இது வெறும் வித்தையா? அன்று. உடல் சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது. கை மட்டும் வெளியே நீள்கிறது. கடமையில் சிக்கியவன் நிலை வேறென்ன? பேணும் கைகளுக்கு ஓய்வில்லை. பேணுபவனுக்கோ அவ்வீட்டுச் சுவரைவிட்டு விடுதலையில்லை. சொல்லவந்த பொருளும் சொல்லும் முறையும் இவ்வாறு ஒன்றாகும்போதுதான் கலை முழுமை பெறுகிறது. மேலும், பீக்கன்ஸ்பீல்டு பள்ளியில் கதை எழுதுவோர், தயாரிப்போர், ஒளிப்பதிவு செய்வோர், ஒலியமைப்போர் எனப் பல துறை மாணவரும் உடன் பயில்கின்றனர். ஒருவர் படத்தில் மற்றவர் பணிபுரிந்தே தேர்ச்சி பெறுகின்றனர். தனியறையில் அமர்ந்து வரையும் கலைஞன் பிறர் சொல்லைக் கேட்கப் பழகுவதும் அங்கேதான்.

மூன்று படங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பொம்மையை அசைக்கும் முறையை முதல் பட்டத்திலேயே கற்கலாம். பயிற்சி நிலையத்தில் சில மாதங்களிலும் கற்கலாம். எதனை அசைக்காமல் விடுவது என்னும் தெளிவே முதுநிலைக் கல்வி தரவேண்டிய பயன். கிரோமிட்டின் வாய், 'டாக்' படத்துத் தந்தையின் உடல், சுவரோடு ஒட்டிய சகோதரர் ஆகிய மூன்றிலும் விட்டுவிட்ட அசைவே பேசுகிறது. இத்தெளிவுக்குக் காலம் வேண்டும், பிழைசெய்ய இடம் வேண்டும், 'இது எதற்கு?' என்று தடுத்துக் கேட்கும் ஆசானும் தோழரும் வேண்டும். இம்மூன்றையும் அளிப்பதாயின் அக்கல்வி தகும். விலையுயர்ந்த கணினியையும் நீண்ட பட்டப்பெயரையும் மட்டும் அளிப்பதாயின் தகாது.

இன்று கணினியிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அசையும் படமே கிடைத்துவிடுகிறது. இனி இக்கல்வி எதற்கு என்பாரும் உளர். பளபளப்பான அசைவு மலிந்துவிட்ட காலத்தில், வேண்டாத அசைவை நீக்கும் அறிவுக்கு மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது. எழுத்துப்பிழையைத் திருத்தும் கருவி வந்ததனால் கட்டுரை எழுதக் கற்பிப்பதை நாம் நிறுத்திவிட்டோமா?

மற்றுமொரு தடையும் எழுப்பப்படலாம். பார்க் தம் படத்தைப் பள்ளியில் முடிக்கவில்லை; 1985இல் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் நிறுவனத்தில் சேர்ந்து, அங்கு வேலை பார்த்துக்கொண்டே முடித்தார். அவ்வாறாயின் பெருமை பள்ளிக்கு உரியதோ நிறுவனத்துக்கு உரியதோ? இருவர்க்கும் உரியது என்பதே நேர்மை. வித்து நாற்றங்காலில் முளைத்தது, வயலில் விளைந்தது. நாற்றங்காலிலேயே கதிரை எதிர்பார்ப்பதும் தவறு. நாற்றங்காலே வேண்டாம் என்பதும் தவறு. 1991ஆம் ஆண்டு ஆஸ்கார் போட்டியில் இந்த மாணவப் படமும் பார்க்கின் மற்றொரு படமான 'கிரியேச்சர் கம்பர்ட்ஸ்' என்பதும் எதிரெதிர் நின்றன. பரிசு பின்னதற்கே கிடைத்தது. மாணவனை ஆசிரியன் வென்றான் என்பர். இங்கோ தன் மாணவப் பருவத்தைத் தானே வென்றான் ஒரு கலைஞன்!

ஆசிரியப் பெருமக்களே, இவையெல்லாம் எங்கோ நடப்பன என்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. நம் நாட்டிலேயே 2007இல் தொடங்கிய 'உபின் இபின்' தொடரை அறியாத பிள்ளை உண்டா? அதில் வரும் ராஜு என்னும் இந்தியச் சிறுவனைத் தம் தோழனாகவே எண்ணும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் நாளை நம்மிடம் வந்து, "ஐயா, நான் இதனையே படிக்க விரும்புகிறேன்" என்பான். அவன் பெற்றோரும் நம் முகத்தையே பார்ப்பர். தோட்டத்துக் குடும்பங்களில் தலைமையாசிரியரின் ஒரு சொல் பிள்ளையின் வழியையே மாற்றிவிடும் என்பதை நாம் அறிவோம்.

அப்போது 'பொம்மை விளையாட்டுக்குப் படிப்பா?' என்று நகைப்பதும் அறியாமை. 'பணம் கொழிக்கும் துறை, போ' என்று தள்ளிவிடுவதும் பொறுப்பின்மை. கட்டணம் பெரிது, பட்டம் பெற்றவர் அனைவர்க்கும் புகழ் காத்திருக்கவில்லை. ஆதலின் அவன் தேர்வுப் புள்ளிகளைப் பார்ப்பதோடு அவன் வரைந்த ஏட்டையும் வாங்கிப் பாருங்கள். பார்த்த படத்தைப் பார்த்தபடியே வரைந்திருக்கிறானா, அன்றித் தன் பாட்டி குனிந்து சோறு வடிப்பதையும் நாய் திண்ணையில் சுருண்டு படுப்பதையும் கவனித்து வரைந்திருக்கிறானா என்று பாருங்கள். பின்னதாயின், அவன் பயில வேண்டியவன். தொழிலைக் கல்லூரி கற்பிக்கும்; கவனிக்கும் கண்ணை நம் தொடக்கப்பள்ளி வகுப்பறையிலேயே வளர்த்தாக வேண்டும்.

நூல்களைத் திறனாய்வதுபோலவே இப்படங்களையும் திறனாயும் வழக்கம் நம்மிடையே வளர்தல் வேண்டும். மாணவர் மன்றத்தில் ஒருநாள் ஒரு சிறு அசைவுப்படத்தைத் திரையிட்டு, "இதில் எது அசையவில்லை? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் விடைகளிலிருந்தே, நம்மிடையே உள்ள கலைஞன் யார் என்பது விளங்கிவிடும்.