காலத்துக்கு யார் இட்ட பெயர்?

சரித்திரம் எழுதப் புகுவோர் முதலில் காலத்தைப் பகுத்துக்கொள்ளுகின்றனர். பின்னர் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் சூட்டுகின்றனர். அப்பெயர் வெறும் அடையாளமென்று படிப்போர் எண்ணிவிடுகின்றனர். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எவரும் அவ்வாறு எண்ணமாட்டார். பேரேட்டில் தொகை சரியாக இருந்தும் தலைப்புப் பிழையாகுமானால், கூலிக்குக் கொடுத்த பணம் கட்டடப் பழுதுபார்ப்பில் ஏறிவிடும். பிறகு கூலி கொடுத்ததற்கே சாட்சி இராது. சரித்திரத்திலும் தலைப்பின் வலிமை அத்தகையதே.

பேராக் மாநிலத்தின் கதையை ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நம்மவர் இரண்டு சொற்களை மனனம் செய்திருப்பர். 1874-ல் பங்கோர் ஒப்பந்தத்தின் வழியே ஆங்கிலேயர் இம்மாநிலத்தினுள் நுழைந்தது ‘இண்டர்வென்ஷன்’, அதாவது தலையீடு. 1941 டிசம்பர் 8-ந் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் 1945 வரை ஆண்டது ‘ஆக்குப்பேஷன்’, அதாவது ஆக்கிரமிப்பு. இரண்டும் அயலார் ஆட்சியே. முதலாவதும் இரத்தமின்றி நடந்ததன்று. ரெசிடெண்டு பர்ச் 1875-ல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதும், அதன்பின் வந்த படையெடுப்பும் யாவரும் அறிந்தவை. ஆயினும் பிறர் வந்தால் ஆக்கிரமிப்பு, தாம் வந்தால் தலையீடு என்று எழுதிவைத்தனர். ஜப்பானியர் கொடுமையைக் குறைத்துக் கூற நாம் வரவில்லை. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்களின் குடும்பங்கள் உள்ள நாட்டில் அவ்வாறு கூற எவருக்கும் நா எழாது. இரண்டு நிறுவைக்கும் ஒரே படிக்கல் வேண்டுமென்பதே நம் கோரிக்கை.

இன்னொரு சொல்லையும் காண்க. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் ஆங்கிலப் படை வந்து சேர்ந்தது. இடைப்பட்ட சில வாரங்களுக்கு ஆங்கில நூலோர் ‘இண்டர்ரெக்னம்’ என்று பெயரிட்டனர். ஓர் அரசன் போய் மற்றோர் அரசன் வரும்வரையுள்ள வெற்றிடம் என்பது அதன் பொருள். பேராக்கில் சுல்தான் அப்போதும் இருந்தார், குடிகளும் இருந்தனர். இல்லாதிருந்தது ஆங்கில ஆட்சி ஒன்றே. அஃதில்லாத நாடு அரசில்லா நாடு என்பதே அச்சொல்லின் உட்பொருள் அன்றோ? மலாய் மக்களோ, அந்நாட்களில் ஊருக்குள் வந்து அதிகாரம் செலுத்தியோரின் தொப்பியில் இருந்த மூன்று நட்சத்திரத்தைக் கண்டு ‘பிந்தாங் தீகா’ காலம் என்றனர். தோட்டத் தமிழர் ‘ஜப்பான்காரன் காலம்’ என்றதும் இம்முறையே. தம் வாசலுக்கு வந்தவன் எவனோ, அவன் பெயராலேயே காலத்தை அழைத்தனர்.

இனி, இன்றுவரை நம் எழுத்தாளர் சோதியாமல் வழங்கிவரும் சொல்லுக்கு வருவோம். அது ‘எமர்ஜென்சி’. நாம் அதனை ‘அவசரகாலம்’ என்று பெயர்த்து வைத்துள்ளோம். 1948 ஜூன் 16-ந் தேதி, நமது பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுடப்பட்டு மாண்டனர். இரண்டு நாளைக்குள் மலாயா முழுவதும் இந்நிலை பிரகடனமாயிற்று. 1960 ஜூலை 31-ல் அது முடிவுற்றதென்று அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம் நீடித்த அவசரம் உலகில் உண்டோ?

போரென்று ஒப்புக்கொண்டால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நேர்ந்த நஷ்டத்தை லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஈடு செய்யமாட்டா. ஆகவே ‘போர்’ என்னும் சொல் விலக்கப்பட்டதென்று நூலோர் பலர் காரணம் காட்டுவர். எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகளோ அதனைத் தேசிய விடுதலைப் போர் என்றே அழைத்தனர். ஆங்கிலச் சொல் திடீரென மேலெழுந்த ஒன்றைக் குறிக்கும். மலாயில் வழங்கும் ‘டாருராட்’, அரபியிலிருந்து வந்து, தவிர்க்கவொண்ணாத தேவையைக் குறிக்கும். நம் ‘அவசரம்’ விரைவைக் குறிக்கும். மூன்று மொழியில் மூன்று பொருள். ஒன்றிலேனும் முள்வேலி தென்படவில்லை.

இப்பெயரால் விளைந்த பெருங்கேடு வேறொன்று. ஒரு காலத்துக்குப் பெயரிடுவோர் அதன் தொடக்கத்தையும் முடிவையும் உடன் நிர்ணயித்துவிடுகின்றனர். பிரகடனத்துக்குச் சில நாள் முன்னரே, அதே ஜூன் மாதத்தில், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் சட்டத்தின் மூலம் செயலற்றதாக்கப்பட்டது. ஆகவே தொழிலாளிக்கு நெருக்கடி துரைமார் மாண்ட நாளில் பிறந்ததன்று. அச்சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4-ந் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1950-ல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத்து லயங்களும் ஒருங்கு சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. அரிசிக்கு அளவு, சில இடங்களில் வீட்டில் உலை வைக்கவும் தடை, பொது அடுக்களையில் வெந்த சோறே வழங்கப்பட்டது. முடிவையும் பார்ப்போம். 1960 ஜூலை 31-ல் காலம் முடிந்தது; மறுநாள் ஆகஸ்ட் 1-ல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரம் பெயர் மாறிக்கொண்டு, அச்சட்டம் 2012-ல் நீக்கப்படும் வரை நிலைத்தது. காலம் முடிந்ததென்று ஏடு சொல்லுகிறது. சிறைக்கதவு வேறு சொல்லுகிறது.

தாய்நாட்டுத் தமிழர் இதே ஆங்கிலச் சொல்லை எதிர்கொண்ட விதம் நமக்குப் பாடமாகும். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை இந்தியாவில் எமர்ஜென்சி நிலவிற்று. ஏடுகள் அதனை ‘நெருக்கடி நிலை’ என்றன. விரைவைக் குறிக்கும் சொல்லைவிட இது மேலானது. மக்களோ, தம்மவரைச் சிறைக்குக் கொண்டுசென்ற சட்டத்தின் பெயரையே எடுத்து ‘மிசா காலம்’ என்றனர். எந்தக் கருவி தம்மைத் தாக்கிற்றோ அதுவே பெயராயிற்று. கேட்போர்க்கு அப்பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

மக்கள் இட்ட பெயரெல்லாம் குற்றமற்றவை என்றும் நாம் வாதிக்கவில்லை. தோட்டத்து முதியோர் சிலர் அப்பன்னிரண்டு வருஷத்தைக் ‘கம்யூனிஸ்ட் காலம்’ என்பர். காட்டிலிருந்து வந்தவனை அப்பெயர் காட்டுகிறது, வேலியிட்டவனைக் காட்டவில்லை. சட்டத்தைப் பற்றி எழுதுங்கால் ‘அவசரகாலச் சட்டம்’ என்பது பொருத்தமே. சட்டம் தன் பெயரால் வழங்கப்படட்டும். அச்சட்டத்தின் பெயரையே பன்னிரண்டு வருஷ வாழ்வுக்கு மகுடமாகச் சூட்டுவதைத்தான் கண்டிக்கின்றோம். மேலும், இந்நாட்டில் 1969-லும் 2021-லும் அவசரகாலங்கள் பிரகடனமாயின. வருஷம் குறியாது அச்சொல்லை எழுதினால், எதிர்காலத்து மாணவன் எதைப் பொருள் கொள்வான்?

நம் தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் சங்கங்களும் ஆண்டு மலர் வெளியிடுகின்றன. ஒவ்வொன்றிலும் ‘அவசரகாலத்தில் பள்ளி இடம் மாற்றப்பட்டது’ என்பது போன்ற வாக்கியம் ஒன்று வந்து, அடுத்த பத்தியிலேயே மறைகிறது. யார் மாற்றினர், எந்த வருஷம், எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை குடும்பம் எங்கே சென்றது என்னும் கேள்விகளை அவ்வொரு சொல் விழுங்கிவிடுகிறது. தோழர்களே, மலர் தயாரிப்போர் அச்சொல்லை எழுதிய இடத்திலெல்லாம் அதனை அடித்துவிட்டு, நடந்ததை வருஷத்தோடு எழுதிப் பார்க்கட்டும். ‘1951-ல் எங்கள் லயம் முள்வேலிக்குள் வந்தது’ என்று எழுத ஒரு வரி போதும். பீடோர், தாப்பா, சுங்கை வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டம் பல செம்பனையாகிவிட்டன. லயங்களும் இடிந்து வருகின்றன. அவ்வரியைச் சொல்லத்தக்க முதியோர் இன்று மிகச் சிலரே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நம் கடமை.