ஈரடுக்குக் கட்டிலில் வீங்கிய கால்

யானைக்கால் நோயைக் கொசு கொண்டுவருகிறது. ஆனால் வந்த வீக்கத்தை ஆண்டுக்காண்டு பெருக்குவது பெரும்பாலும் விரலிடுக்கு வெடிப்பில் நுழையும் பாக்டீரியாதான். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். ஒவ்வொரு முறையும் கால் இன்னும் கொஞ்சம் தடித்துப்போகும். இந்த வீக்கத்துக்குச் சொல்லப்படும் மென்மையான உடற்பயிற்சியையும் நீவலையும் இதை மனத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இந்த வீக்கத்தில் தேங்குவது நிணநீர். அதைத் தள்ள இதயம் போல் தனி உறுப்பு இல்லை. நிணநீர் நாளங்கள் தாமே சுருங்கும். கெண்டைச்சதை அசைவும் ஆழ்ந்த மூச்சும் கைகொடுக்கும். ஆகவே கணுக்காலைச் சுழற்றுவதும் குதிகாலை ஏற்றி இறக்குவதும் வீண் வேலையல்ல. அசைந்தால் வீங்கும் என்ற பழைய பயமும் தளர்ந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீங்கிய பெண்கள் முறையாக எடை தூக்கியதில் வீக்கம் கூடவில்லை என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

நீவல் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. 1930-களில் எமில் வோடர் உருவாக்கிய முறை, தோலை மட்டும் இழுத்துவிடும் மெல்லிய தொடுகை. நம்மூர்க்காரர்கள் தைலம் போட்டு அழுத்திப் பிடிப்பது வேறு வகை. 2015-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, புற்றுநோய்க்குப் பின் வரும் கைவீக்கத்தில் அழுத்தக் கட்டுதான் பெரும்பங்கு ஆற்றுகிறது, நீவல் சேர்க்கும் பலன் சிறிது என்கிற பக்கமே சாய்கிறது.

காசர்கோட்டில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைடு டெர்மடாலஜி சோப்பு நீர்க் கழுவல், மூலிகை நீரில் ஊறவைத்தல், யோகம், நீவல், அழுத்தக் கட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தது. ஆலப்புழை, குல்பர்கா மாவட்டங்களில் நடந்த அவர்கள் ஆய்வில் வீக்கம் குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. ஐந்தையும் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது? யோகத்துக்குப் போகும் புகழில் பாதியையாவது சோப்புக்குக் கொடுக்கலாம்.

இந்த முறைக்குள் ஒரு நிபந்தனையும் ஒளிந்திருக்கிறது: இடமும் நேரமும் வேண்டும். தோஹாவில் நம்மவர்கள் 'சனாயா' என்று சொல்லும் தொழில்பேட்டையின் தொழிலாளர் கேம்பில் வைத்துப் பார்த்தால் அது தெரியும். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்து என்பார்கள். மேல்தட்டில் இன்னொருவர் படுத்திருக்கும் இரும்புக் கட்டிலை எப்படி உயர்த்துவது? நாள் முழுக்கச் சேஃப்டி ஷூவுக்குள் கால் வேர்த்து ஊறும்; அதற்குள்ளே அழுத்தக் கட்டும் வேண்டும் என்றால் ஜூலையில் யார் தாங்குவார்? வெடிப்பை உண்டாக்கும் விரலிடுக்குப் பூஞ்சைக்கு அந்த ஷூவைவிட வசதியான இடம் கிடையாது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. அந்த நேரத்தில் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தால் பாதி வைத்தியம் நடந்துவிடும். வேலைத்தளத்துக் கொட்டகையில் குந்தியிருப்பவருக்கு அது வாய்க்காது.

மூச்சுப் பயிற்சிக்குக் காசும் வேண்டாம், லீவும் வேண்டாம்; அது இந்த முறையின் நிஜமான பலம். மற்றதற்கெல்லாம் கீழ்த்தட்டுப் படுக்கை, மாற்றுச் சாக்ஸ், கால் கழுவிக் காயவைக்க நேரம் எல்லாம் தேவை. அவற்றைத் தர வேண்டியவர் கேம்ப் நடத்துபவர். மருந்துச்சீட்டிலோ பயிற்சிப் படம் மட்டுமே இருக்கும்.

கால் திடீரெனச் சிவந்து சுட்டுக் காய்ச்சல் அடித்தால் நீவலையும் பயிற்சியையும் நிறுத்திவிட வேண்டும். அன்று வேண்டியது ஆன்டிபயாடிக். 2018-இல் திறந்த ஹஸ்ம் முபைரீக் பொது மருத்துவமனை அந்தத் தொழில்பேட்டையிலேயே இருக்கிறது.